ஒரு ஜோடிக் காது

அந்த வீட்டில் ஆள் இரண்டு, காது ஒரு ஜோடி. அந்த ஒரு ஜோடியும் பெண்டாட்டியுடையது. புருஷனுக்குத் தலையின் இரண்டு பக்கமும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் நுழையாது. இது யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். தெரியாமல் பார்த்துக்கொள்வதையே ஒரு உத்தியோகமாக வைத்து, சமைக்கிற வேலைக்கும் துவைக்கிற வேலைக்கும் மேலாக அதைச் செய்துவந்தாள்.

புருஷன் கல்குவாரியில் வின்ச் ஓட்டுகிறவர். குவாரி என்றால் ஒரு பெரிய பள்ளம். கீழே பாறையை உடைத்துத் தள்ளுவண்டியில் ஏற்றுவார்கள். வண்டி தண்டவாளத்தில் சரிவேறி மேலே வரவேண்டும். மேலே தகரக் கொட்டகையில் இருக்கிற வின்ச், இரும்பு உருளையில் கம்பிக் கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பள்ளத்தின் அடி தெரியாது. கீழேயிருந்து மணிக்காரர் கம்பியைப் பிடித்து இழுத்தால், கொட்டகைக்குள் மரக்கம்பத்தில் மாட்டியிருக்கிற மணி அடிக்கும். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு என்றால் இழு, மூன்று என்றால் இறக்கு. அவ்வளவுதான் பாஷை.

பக்கத்திலேயே ஜல்லி உடைக்கிற மிஷின் நாளெல்லாம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் வருஷக்கணக்கில் அவருடைய காதைத் தின்றது. ஒரே நாளில் தின்னவில்லை. முதலில் குருவிச் சத்தம் போயிற்று, அப்புறம் மகள் பேச்சு, அப்புறம் மழை. கடைசியில் அந்த மிஷின் தன் சத்தத்தையே தின்றுவிட்டது.

கேட்காத மனுஷன் வின்ச் எப்படி ஓட்டினார் என்று கேட்பீர்கள். காலால் ஓட்டினார். வேலையில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இடது உள்ளங்காலை மணிக்கம்பத்தின் அடியில் ஒட்டிவைத்துக்கொள்வார். மணி அடித்தால் கம்பம் அதிரும். ஒன்றா, இரண்டா, மூன்றா என்று கால் எண்ணிச் சொல்லும். யாராவது ஏன் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறீர் என்று கேட்டால், அவர் சார்பில் அவளே முந்திக்கொண்டு, "செருப்பு போட்டா உடம்பு சூடாவுதாம் அவருக்கு, அது ஒரு மாதிரி உடம்பு" என்று சொல்லிச் சிரித்துவிடுவாள்.

அவள் குவாரி கேன்டீனில் டீ போடுகிறவள். அதுவும் சும்மா அமைந்த வேலையில்லை, கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினால், இவள் டீத்தட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் மேனேஜருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வாள். மூக்கைத் தொட்டால் ஆமாம். கழுத்தைத் தடவினால் இல்லை. முடியைக் காதோரம் ஒதுக்கினால் சிரிக்கவேண்டும், யாரோ தமாஷ் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் அவள் முகத்தைப் பார்த்தபடியே பதில் சொல்லிவிட்டு வருவார். பார்க்கிறவர்கள், இந்த வயதிலும் பெண்டாட்டி முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காத மனுஷன் என்று கேலி செய்தார்கள்.

காது கேட்காதவர்கள் சத்தமாகப் பேசுவார்கள் இல்லையா, அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் தொடையில் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். அழுத்தினால் குரலைக் குறை. அழுத்தி அழுத்தி, அவர் குரல் கிசுகிசுப்பாகவே ஆகிவிட்டது. ஒரு காலத்தில் அவர் சிரித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். இப்போதோ எல்லாரும், "தங்கமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு" என்றார்கள்.

இவ்வளவு பயம் எதற்கு? காரணம் இருந்தது. முன்பு பாறையில் துளை போடுகிற ஒருவருக்குக் கண் மங்கிப்போயிற்று. தெரிந்த அன்றைக்கே கணக்கை முடித்து, கம்பெனி வீட்டிலிருந்து சாமான்களை ரோட்டில் எடுத்துவைத்தார்கள். மழை வந்தது. அந்த வீட்டுப் பெண்பிள்ளை நனைகிற மெத்தைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் தலைக்குப் பிடித்துக்கொள்ளத் தோன்றவில்லை அவளுக்கு. அதை ஜன்னல் வழியாகப் பார்த்ததிலிருந்து இவளுக்கு ஒரு வேளை சோறு நிம்மதியாக இறங்கியதில்லை.

மகளிடம்கூடச் சொல்லவில்லை. மகள் தானே ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு தூரத்து ஊரில் இருந்தாள். போன் செய்தால், "அப்பாகிட்ட குடும்மா" என்பாள். இவள், அப்பா குளிக்கிறார், தூங்குகிறார் என்பாள். "அப்பாவுக்கு என்மேல இன்னும் கோவம் தீரலையா?" என்று மகள் அழுவாள். போனை வைத்ததும் அவர் ஆவலாகப் பார்ப்பார். "நல்லா இருக்காளாம்" என்று இவள் உதட்டை அசைப்பாள்.

இந்த லட்சணத்தில்தான் பூட்ஸ் வந்து சேர்ந்தது.

யாரோ பெரிய அதிகாரிகள் குவாரியைப் பார்க்க வருகிறார்கள், அன்றைக்கு எல்லாரும் பூட்ஸ் போட்டிருக்கவேண்டும், போடாதவன் வாசலோடு திரும்பிப் போகலாம் என்று உத்தரவு. முன்பக்கம் இரும்புத்தகடு வைத்த, அடியில் இரண்டு விரற்கடை ரப்பர் ஒட்டிய கனத்த பூட்ஸ். காலையில் அவர் அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இத போட்டா எனக்கு மணி தெரியாது" என்றார் கிசுகிசுப்பாக.

"ஒரு நாள்தானேங்க."

"ஒரு நாள்னா? மணி தெரியலைன்னா எப்படி ஓட்டுறது?"

"கயித்தப் பாத்து ஓட்டுங்க. இத்தன வருஷமா ஓட்டுறீங்க, வண்டி எப்ப வரும் எப்ப போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"உடம்பு சரியில்லன்னு லீவு சொல்லிடவா?"

"அதிகாரி வர்ற அன்னிக்கு லீவா? டாக்டர்கிட்ட போன்னு அனுப்புவாங்க. டாக்டரு காதப் பாப்பான். அப்புறம்?"

அவர் காலை நீட்டினார். அவள் கீழே உட்கார்ந்து, கயிற்றை ஒவ்வொரு ஓட்டையிலும் கோத்து, இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டாள். அவிழ்ந்துவிடக்கூடாதே என்று மூன்றாவதாக ஒன்றும் போட்டாள்.

கேன்டீனில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஜல்லி மிஷின் நின்றது. குவாரியில் சத்தம் பயமில்லை, சத்தம் நிற்பதுதான் பயம். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

வண்டி பாதிச் சரிவில் தடம் புரண்டு சாய்ந்திருக்கிறது. மணிக்காரர் ஒரு மணி அடித்திருக்கிறார். வின்ச் நிற்கவில்லை. திரும்பவும் அடித்திருக்கிறார், திரும்பவும். வண்டி இழுபட்டுக்கொண்டே போய்க் குடைசாய்ந்து, மேலிருந்த கல் கழன்று உருண்டது. கீழே நின்றவன் வண்டிக்குக் கொக்கி மாட்டுகிறவன். கொக்கி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவரை அண்ணன் என்றும் இவளை அண்ணி என்றும் வாய் நிறையக் கூப்பிடுகிற, எப்போதும் ஏதாவது தமாஷ் சொல்லிக்கொண்டே இருக்கிற ஆள். கல் அவனுடைய வலது காலின்மேல் நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆபீசில் விசாரணை. மேனேஜருக்கு உதட்டை மூடுகிற மீசை, வாயசைவைப் பார்த்து ஒன்றும் பிடிக்கமுடியாது. ஒரு பக்கம் மணிக்காரர் நின்றார், ஒரு பக்கம் இவள் புருஷன். இவள் டீத்தட்டோடு நாற்காலிக்குப் பின்னால்.

"நான் அடிச்சேன் சார்" என்றார் மணிக்காரர். "கை வலிக்க வலிக்க அடிச்சேன்."

"யாரு கேட்டா? மிஷின் ஓடிக்கிட்டிருக்கு, ஒருத்தனும் கேக்கலங்குறான். வின்ச்சுல இருந்தவரு இவரு ஒருத்தர்தான்." மேனேஜர் இந்தப் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. மணி அடிச்சாரா, இல்லையா?"

புருஷன் அவளைப் பார்த்தார். என்ன கேள்வி என்றே அவருக்குத் தெரியாது. ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லு என்று அந்தக் கண் கேட்டது. அவள் கண்ணுக்குள் மழையும் மெத்தையும் குடையும் வந்து நின்றன. கை தானாக மேலே போயிற்று. கழுத்தைத் தடவினாள்.

"இல்ல சார்" என்றார் புருஷன், எப்போதும்போல மெதுவாக, மரியாதையாக.

மணிக்காரர் அவரைப் பார்க்கவில்லை. அவள் கழுத்தில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார். "மறைக்காம சொல்லு. அவன் மணி அடிச்சானா? என் காலுக்கு ஒண்ணுமே தெரியலையே. என்னாலதானா?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் கதை வேறு. "இல்லங்க. பயத்துல அவருக்குக் கையே ஓடலையாம். அடிக்கவே இல்லையாம்" என்றாள்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். பாரம் இறங்கின அழுகை. அப்புறம் முகம் கழுவிவிட்டு வந்து இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவளுக்குத் தட்டில் போட்டது போட்டபடியே இருந்தது.

கம்பெனி வீடுகளுக்கெல்லாம் சேர்த்துத் தெருமுனையில் ஒரு குழாய். அந்த வாரம் அவள் குழாய்க்குப் போனபோது மணிக்காரர் பெண்டாட்டி குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஒரே சுவரை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் குடியிருந்தவர்கள். இவளுக்கு அவள் அக்கா, கூடப் பிறக்காத குறைதான்.

"வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கடி" என்றாள் அக்கா.

இவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் ஒழுகலாக வந்தது.

"உன் வீட்டுக்காரர ஒண்ணும் சொல்லல நான். பாத்தத, கேட்டதத்தானே சொல்லமுடியும் அவரு. வாயத் தொறந்து ஒரு பொய் சொல்லாத மனுஷன்." அக்கா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள், மறுபடி இறக்கினாள். "எனக்கு என்ன ஆத்தாமைன்னா, எங்கிட்டயும் ‘அடிச்சேன் அடிச்சேன்’னே சாதிக்குறாருடி. கை நடுங்கிப்போச்சு, முடியலன்னு எங்கிட்டயாச்சும் ஒத்துக்கக் கூடாதா? இத்தன வருஷம் குடும்பம் நடத்தின ஆளு, மூஞ்சியப் பாத்தா எனக்கே யாரோ மாதிரி இருக்குது."

"அக்கா" என்றாள் இவள். குடம் நிரம்பி வழிந்து காலை நனைத்தது.

"என்னடி, நீ ஏன் அழுவுற? நல்லாயிரு போ."

அன்று சாயங்காலம், அக்கா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து அவள் பக்கத்து வீட்டுக்குள் போனாள். மணிக்காரர் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கனத்த ஆள், குனிந்தால் மூச்சு வாங்கும்.

"உக்காரு தங்கச்சி."

"அண்ணே, நான்..."

"நீ கழுத்தத் தடவுனதப் பாத்தேன்." அவர் சாக்கின் வாயை முறுக்கினார். "இன்னிக்கு நேத்தா பாக்குறேன்? மூக்கத் தொடுறது, முடிய ஒதுக்குறது, எல்லாம் தெரியும்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவ மணியோட நாக்கு கழண்டு எங்கேயோ விழுந்துடுச்சு. எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்குக் கீழேருந்து கம்பிய இழுத்துக்கிட்டிருக்கேன். வண்டி பாட்டுக்குப் போகுது, வருது, நிக்குது. சாயங்காலம் மெக்கானிக்கு எண்ணெய் போட வந்தவன் மணியக் கழட்டிக் காட்டுறான், உள்ள நாக்கு இல்ல. நாக்கு இல்லாத மணிக்கு உன் வீட்டுக்காரரு நாள் பூரா வின்ச் ஓட்டியிருக்காரு. மெக்கானிக்கு இப்பத்தான் விழுந்திருக்கும்னு போயிட்டான். நான் மட்டும் யோசிச்சேன். அன்னியிலேருந்து நான் கம்பிய சும்மா இழுக்குறதில்ல, ரெண்டு கையாலயும் தொங்குவேன். கம்பம் நல்லா ஆடட்டும்னு."

"ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"மொதல்ல உங்களுக்காகச் சொல்லல. பொழப்பு போயிடும்னு." அவர் கயிற்றை எடுத்துச் சாக்கின் வாயைக் கட்டினார். "அப்புறம் எனக்காகச் சொல்லல. தெரிஞ்சும் ஏண்டா கீழ ஆளுங்கள நிக்கவச்சேன்னு கேப்பாங்களே. இப்ப மட்டும் என்னன்னு வாயத் தொறக்குறது? கொக்கி கால் போனதுல எனக்கும் பங்கு இருக்கு தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு அவரு பூட்ஸ் போட்டிருந்தாரா?"

"நான்தாண்ணே கட்டிவிட்டேன். மூணு முடிச்சு போட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். "மகன் வீட்டுக்குப் போறோம். பழி எனக்குப் பெருசில்ல. எம் பொண்டாட்டிதான், கை நடுங்கிடுச்சான்னு கேக்குறா. அதுதான் தாங்கல" என்றார். சாக்கைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு அடுத்த சாக்கை விரித்தார்.

மறுநாள் குவாரிக்கு லீவு. வெயில் ஏறின பிறகு, அவள் ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரிப் பார்த்துப் புருஷனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் வாளிக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தார். கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"மணிக்கார அண்ணன் மணி அடிச்சாரு" என்றாள்.

அவர் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்துப் புருவத்தைச் சுருக்கினார். அவள் திரும்பச் சொன்னாள். மூன்றாம் தடவை சொல்லும்போது அவர் முகத்தில் இரத்தம் வற்றிப்போயிருந்தது.

"ஆபீஸ்ல அதத்தான் கேட்டாங்க. அடிச்சாரான்னு. நான் இல்லன்னு காட்டினேன். நீங்க இல்லன்னு சொன்னீங்க. அண்ணனுக்கு வேல போச்சு. வீடும் போச்சு. நாளைக்குக் காலி பண்றாங்க."

"எங்கிட்ட கையே ஓடலன்னு சொன்னியே."

"பொய்."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார். "நான் அவன் மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொன்னேனா? நானா?" குரல் ஏறியது. வருஷக்கணக்கில் அந்த வீடு கேட்காத குரல். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். அவள் கட்டைவிரல் பழக்க தோஷத்தில் அவர் தொடைக்குப் போயிற்று. அவர் அந்தக் கையைப் பிடித்து எடுத்துத் தரையில் வைத்தார்.

"கைய எடு. இன்னும் எத்தன இந்த மாதிரி? எதெதெல்லாம் மாத்திச் சொல்லியிருக்க?"

அவள் சொன்னாள். ஒன்று சொன்னதும் மற்றதெல்லாம் வரிசையாக வந்தன. யார் யார் அவரைக் கேலி செய்தார்கள், எதற்கெல்லாம் சும்மா சிரிக்கவைத்தாள், எல்லாம். கடைசியில் மகள். "நீங்க கோவத்துல பேசமாட்டேங்குறீங்கன்னு நெனச்சிக்கிட்டிருக்கா. போன் பண்றப்பல்லாம் அழுவா. நான் உங்ககிட்ட நல்லா இருக்காள்னு சொல்லுவேன்."

அவர் வாளியைத் தள்ளிவைத்தார். "நான் செவிடுதான்" என்றார். "நீ என்னப் பொணமாவே ஆக்கிவச்சுட்டியேடி. பொணத்துக்குத்தான் எதுவும் சொல்லவேண்டாம். பொணத்துக்குப் பதிலா எவனும் எதுவும் சொல்லிக்கலாம்."

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்கு மட்டும் இல்லையா? கால கம்பத்துல வச்சிட்டு உக்காந்தா, அந்தக் காலு மரத்துப்போயிடுமோன்னு தெனம் பயம். கொசு கடிச்சாக்கூட எடுக்கமாட்டேன்." அவர் எழுந்து ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார். "மேனேஜர் வீட்டுக்குப் போறேன்."

"வீடு போயிடும்" என்றாள். கதவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். ஏன் நின்றோம் என்று அவளுக்கே தெரியவில்லை, கால் போய் நின்றது. இவ்வளவும் சொன்ன பிறகும் பயம் அங்கேயேதான் இருந்தது, ஒரு இம்மி குறையவில்லை.

"நான் தனியாப் போனா அவங்க பேசுறது ஒண்ணும் எனக்குப் புரியாது" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. "நீ வந்தா நல்லது. வரலைன்னா நானே போய், எனக்குக் காது கேக்காதுன்னு கத்திட்டு வரேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவள் கதவைத் திறந்தாள். திறந்ததும் தெரு தெரிந்தது, குழாய் தெரிந்தது, குடத்தோடு நின்ற அக்கா தெரிந்தாள். அவள் செருப்பைத் தேடாமல் இறங்கி நடந்தாள். அவர் பின்னால் வந்தார்.

மேனேஜர் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இந்தத் தடவை அவள் யாருக்குப் பின்னாலும் போய் நிற்கவில்லை. புருஷன் பக்கத்தில் நின்றாள். "இவருக்குக் காது கேக்காது சார். வருஷக்கணக்கா. அண்ணன் மணி அடிச்சாரு. இல்லன்னு சொல்லவச்சது நான்" என்றாள். மேனேஜர் நம்பவில்லை. எழுந்து புருஷனுக்குப் பின்னால் போய், கதவை அடித்துச் சாத்தினார். எல்லாரும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்கள். புருஷன் மட்டும் அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.

நல்லது செய்தால் நல்லது நடக்கும் என்று கதையில் எழுதலாம். குவாரியில் அப்படி நடக்கவில்லை. மணிக்காரரைக் கூப்பிட்டு, உனக்கு முன்னமே தெரியுமா என்று கேட்டார்கள். அவர் தெரியும் என்றார். சரி, இரண்டு பேரும் கிளம்புங்கள் என்றார்கள். போலீஸ் கேஸ் வரும் என்றும் சொன்னார்கள். அக்கா குழாயடியில் இவளைப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் திட்டினாள். இவள் குடத்தை வைத்துவிட்டு முழுவதும் நின்று கேட்டாள். அதன் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம், "சொல்லித் தொலைச்சிருக்கக்கூடாதா, நானும் உங்கள கை நடுங்கிடுச்சுன்னு பேசிட்டேனே" என்று அக்கா புருஷனைப் பிடித்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. இவள் அதைத் தன் புருஷனிடம் அப்படியே சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

ஊரைவிட்டுப் போகிற அன்று, சாமானை வண்டியில் ஏற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

கொக்கி ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். போர்வை ஒரு பக்கம் மேடாக இருந்தது, மறுபக்கம் பாதியில் தட்டையாகிவிட்டது. அவன் பெண்டாட்டி இவர்களைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். "எனக்குக் காது கேக்காதுடா" என்றார். வார்டு முழுக்கக் கேட்டது. கட்டில் கட்டிலாகத் தலைகள் திரும்பின. அவள் தன் கைகளைக் கோத்து மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்ன தமாஷ் ஒண்ணுகூட நான் கேட்டதில்ல. இவ காட்டுவா, நான் சிரிப்பேன். அன்னிக்கு மணி அடிச்சிருக்கு. எனக்குத் தெரியல. பூட்ஸ் போட்டா தெரியாதுன்னு தெரிஞ்சேதான் போட்டுக்கிட்டு உக்காந்தேன். உன் கால் போனது என்னால."

கொக்கி அவள் பக்கம் தலையைத் திருப்பினான். வாய் உலர்ந்திருந்தது, உதடு சரியாகப் பிரியவில்லை.

"அண்ணி, அவருக்கு நீங்கதானே சொல்லணும். சொல்லுங்க. எம் மூஞ்சியில இனி முழிக்கவேண்டாம்னு சொல்லுங்க. மனசு எறங்கும்னு காத்திருக்கவேண்டாம். எறங்காது. நான் செத்தேன்னு கேள்விப்பட்டாலும் வரவேண்டாம். அண்ணன்னு கூப்பிட்டதுக்கு என் வாயக் கழுவணும்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

புருஷன் அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். பரவாயில்லண்ணேங்குறான், அழாதீங்கங்குறான் என்று இரண்டு வார்த்தை நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது. எவ்வளவு சுலபம். யாருக்குத் தெரியப்போகிறது. அவர் கண் அவள் உதட்டின் மேலேயே இருந்தது, ஒரு கடைசி நம்பிக்கையோடு.

அவள் சொன்னாள். முழிக்கவேண்டாம் என்பதையும், எறங்காது என்பதையும், செத்தாலும் என்பதையும், வாயைக் கழுவணும் என்பதையும், நிறுத்தி நிறுத்தி, உதடு தெளிவாகத் தெரிகிற மாதிரி.

அவர் கடைசி வார்த்தைவரை பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எதையும் விடலையே?"

"விடல."

அவர் அவனுடைய முதுகைப் பார்த்து ஒருதரம் தலையைத் தாழ்த்திவிட்டு வெளியே வந்தார்.

தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "மகளுக்குப் போன் போடு" என்றார், நர்சுகள் திரும்பிப் பார்க்கிற குரலில். "நான் பேசுறேன். அவ என்ன சொல்றாளோ அத எனக்குச் சொல்லு."

அவள் போட்டாள். மணி அடித்தது, மகள் எடுத்தாள். போனை அவர் வாய்க்கும் தன் காதுக்கும் நடுவில், இருவர் தலையும் முட்டுகிற மாதிரிப் பிடித்தாள்.

"அப்பா பேசுறேம்மா" என்று அவர் கத்தினார். "எனக்குக் காது போயிடுச்சும்மா. ரொம்ப நாளாச்சு. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. உன்மேல எனக்கு என்ன கோவம்? நீ பேசு, அம்மா எனக்குச் சொல்லுவா."

சொல்லிவிட்டு ஆவலாக அவள் வாயைப் பார்த்தார்.

"என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லலங்க" என்றாள் அவள். "அழுவுறா."